"எல்லா பிராண்டுக்கும் வேலை செய்யும்" என்று விற்கப்படும் யுனிவர்சல் ரிமோட்: பணம் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள்

ஆம்ப்ளிபையருக்கு ஒன்று, சிடி பிளேயருக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று என்று ரிமோட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட்டாக வாங்கிவிடலாம் என்று கிளம்பும் முன் இதைப் படியுங்கள். ரிமோட்டுக்கு ஒரு தொகை, அதை "செட் பண்ணித் தர" தனியாக ஒரு தொகை என்று இரண்டையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அரைகுறை வேலையோடு என்னைக் கைகழுவிவிட்டார்கள். திருப்பித் தருகிறேன் என்றால் "ஒரு தடவை புரோகிராம் பண்ணிட்டா ரிட்டர்ன் கிடையாது சார்" என்கிறார்கள். புரோகிராம் பண்ணாமல் அது என் கருவிகளோடு ஒத்துப்போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன், அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த வில்லங்கத்தில் பாதி அட்டைப் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது, அதனால் எங்கே வாங்கினாலும் இதே கதைதான் நடக்கும்.

பெட்டியில் "ஆயிரக்கணக்கான பிராண்டுகளுக்குப் பொருந்தும்" என்று போட்டிருப்பார்கள். உங்கள் ஆம்ப்ளிபையரின் பிராண்டும் அந்தப் பட்டியலில் இருக்கும். அந்த பிராண்டின் ஏதோ ஒரு மாடலுக்கான கோடு (code, அந்தக் கருவிக்குப் புரியும் சிக்னல்) உள்ளே இருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. உங்கள் மாடலுக்கு உண்டா, உண்டென்றால் எல்லா பட்டனுக்கும் உண்டா என்பதெல்லாம் வேறு கேள்வி. "எட்டுக் கருவிகள்" என்பதும் அப்படித்தான். மலிவான சில ரிமோட்டுகளில் அந்த எட்டும் டிவி, டிவிடி, ஆடியோ என்று வகை பிரித்துப் பூட்டப்பட்டிருக்கும், ஆடியோ என்ற இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டால் இன்னொரு ஆடியோ கருவிக்கு இடமே இருக்காது. புளூடூத்தில் வேலை செய்யும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வைத்திருந்தால், இன்ஃப்ராரெட் மட்டுமே உள்ள ரிமோட்டால் அதைத் தொடக்கூட முடியாது. இதைப் பெட்டியில் எந்த மூலையிலும் பார்க்க முடியவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். வந்த டெக்னீஷியன் கையேட்டைப் புரட்டி, என் ஆம்ப்ளிபையரின் பிராண்டுக்கு நேரே இருந்த நான்கு இலக்க எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றில் பவர் எடுத்தது, வால்யூம் ஏறியது, இறங்கியது. "அவ்ளோதான் சார், முடிஞ்சது" என்று கையேட்டை மூடப் போனவரை நிறுத்தி, இன்புட்டை மாற்றிக் காட்டச் சொன்னேன். ஃபோனோ, ஆக்ஸ், ஆப்டிகல் எதற்கும் ஆம்ப்ளிபையர் அசையவில்லை. "அப்போ லேர்னிங்ல போட்டுடலாம்" என்றார், அதாவது பழைய ரிமோட்டின் சிக்னலைப் புதியதற்குக் கற்றுக்கொடுப்பது. பழைய ரிமோட்டையும் புதியதையும் மேஜையில் மூக்கோடு மூக்கு வைத்து, இன்புட் பட்டன்கள், ம்யூட், சிடி பிளேயரின் பிளே, ஸ்டாப், நெக்ஸ்ட் என்று ஒவ்வொன்றாக ஏற்றினார். எல்லாவற்றையும் ஒரு தடவை அமுக்கிக் காட்டினார், எல்லாம் வேலை செய்தன. கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஒரு தடவையில்தான் சூட்சுமமே இருந்தது. சிடி போட்டு நெக்ஸ்ட் அமுக்கினால் அடுத்த பாட்டுக்குப் போகிறது. மறுபடி அமுக்கினால் போகவில்லை. எத்தனை முறை அமுக்கினாலும் அங்கேயே நிற்கிறது. நடுவில் பிளேயை ஒரு தட்டு தட்டிவிட்டு நெக்ஸ்ட் அமுக்கினால் போகிறது! ம்யூட் இன்னும் மோசம்: சத்தம் நிற்கும், திரும்ப வராது, வால்யூம் பட்டனைத் தொட்டால்தான் ஆம்ப்ளிபையருக்கு வாய் திறக்கும்.

சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டேன். "உங்க சிடி பிளேயர்ல சென்சார் போயிருக்கும் சார், ஆம்ப்ளிபையரையும் சேர்த்துக் கொண்டுவாங்க, பார்த்துச் சொல்றோம்" என்றார்கள். பார்ப்பதற்குத் தனிக் கட்டணமாம். பழைய ரிமோட்டில் எல்லா பட்டனும் கச்சிதமாக வேலை செய்கின்றன, அப்புறம் எப்படிச் சென்சார் போயிருக்கும்? அதற்கும் மௌனம். நல்ல நிலையில் இருக்கும் இரண்டு கருவிகளைக் கழற்றிப் பார்க்கப் பணம் கேட்டார்களே, இந்த மொத்த விவகாரத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம் அதுதான்.

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் விளக்கிய பிறகுதான் காரணம் புரிந்தது. என்னுடைய இரண்டு கருவிகளும் ஆர்சி-5 என்ற முறையில் பேசுபவை. பிலிப்ஸ் உருவாக்கியது, மராண்ட்ஸ், ஆர்காம், கேம்பிரிட்ஜ் ஆடியோ என்று பல ஆடியோ நிறுவனங்களின் கருவிகள் இதைப் பயன்படுத்துகின்றன. இதில் ஒவ்வொரு பட்டனுக்கும் 14 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) போகும், அதில் மூன்றாவது பிட்டுக்கு டாகிள் பிட் என்று பெயர். ஒரே பட்டனை விட்டுவிட்டு மறுபடி அமுக்கினால் அந்த பிட் 0-விலிருந்து 1-க்கும், 1-லிருந்து 0-க்கும் மாறும். விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் மாறாது. இதை வைத்துத்தான் "இது புது அமுக்கலா, இன்னும் விரலை எடுக்கவில்லையா" என்று கருவி தெரிந்துகொள்கிறது. எனக்கு விற்ற ரிமோட்டின் லேர்னிங்கோ, பழைய ரிமோட் அனுப்பியதை அப்படியே பிரதி எடுத்து வைத்துக்கொள்கிற வகை. டாகிள் பிட் அந்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துவிடும். அதனால் இரண்டாவது தடவை நெக்ஸ்ட் அமுக்கும்போது, நான் இன்னும் விரலையே எடுக்கவில்லை என்று சிடி பிளேயர் நினைத்துக்கொள்கிறது. நடுவில் பிளே போனால் கட்டளை மாறிவிடுவதால் அடுத்த நெக்ஸ்ட்டைப் புதிதாக எடுத்துக்கொள்கிறது. வால்யூமில் மட்டும் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது, ஏனென்றால் அமுக்கிக்கொண்டே இருந்தாலும் ஏறத்தானே செய்யும். ஒரு ரிமோட்டை வால்யூமை வைத்துச் சோதித்துக் காட்டுவது விற்பவருக்கு எவ்வளவு வசதி என்று பாருங்கள்.

நல்ல லேர்னிங் ரிமோட்டுகள் வந்தது ஆர்சி-5 என்று அடையாளம் கண்டு, டாகிள் பிட்டைத் தாங்களே மாற்றி மாற்றி அனுப்பும். யமஹா, ஆன்கியோ போன்றவற்றில் பரவலாக இருக்கும் என்ஈசி முறையிலும், சோனியின் முறையிலும் டாகிள் பிட்டே கிடையாது, அதனால் அந்தக் கருவிகள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. பாங் அண்ட் ஓலுஃப்சென் வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்: சாதாரண ரிமோட்டுகள் 36 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வாக்கில் பேசும்போது அவர்களுடையது 455 கிலோஹெர்ட்ஸில் பேசும், பெரும்பாலான லேர்னிங் ரிமோட்டுகளின் காதில் அது விழவே விழாது.

ஆகவே கடையிலோ வீட்டிலோ யாராவது ரிமோட்டைச் சோதித்துக் காட்டினால், ம்யூட்டை இரண்டு தடவை அமுக்கச் சொல்லுங்கள். நெக்ஸ்ட்டை மூன்று தடவை விட்டுவிட்டு அமுக்கச் சொல்லுங்கள். இன்புட் எல்லாவற்றையும் மாற்றிப் பாருங்கள். பவரும் வால்யூமும் வேலை செய்வதை எல்லாம் ஒரு சோதனை என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது மேக்ரோ. ஒரே பட்டனில் டிவி, ஆம்ப்ளிபையர், செட்டாப் பாக்ஸ் மூன்றும் ஆன் ஆகும் என்று ஆசை காட்டித்தான் விற்றார்கள். பட்டனை அமுக்கினால் டிவி ஆன் ஆகிறது, ஏற்கெனவே ஆனில் இருந்த ஆம்ப்ளிபையர் ஆஃப் ஆகிறது. மறுபடி அமுக்கினால் நேர்மாறு. ஆன் செய்யவும் ஆஃப் செய்யவும் ஒரே கோடுதான் ஏற்றியிருக்கிறார்கள், பின்னே எப்படி இருக்கும்? நிறைய ஆம்ப்ளிபையர்களில் ஆனுக்குத் தனி, ஆஃபுக்குத் தனி என்று கோடுகள் உண்டு. அதனுடன் வந்த ரிமோட்டில் அதற்கான பட்டன் இல்லாமல் இருக்கலாம், ஆனால் கருவிக்கு அது புரியும். சில நிறுவனங்கள் அந்தக் கோடு அட்டவணையை வெளிப்படையாகவே தருகின்றன. டெக்னீஷியனிடம் "ஆன், ஆஃப் தனித்தனிக் கோடு போடுவீர்களா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முழிக்கிறார் என்றால் மேக்ரோவுக்கென்று பணம் கொடுக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, எனக்கு அதிகம் வலித்தது. இந்த மேக்ரோவைத் திருத்த வேண்டுமானால் ஃபோனில் ஒரு ஆப் வழியாக, அக்கவுண்ட்டில் நுழைந்துதான் திருத்த முடியும். அந்த அக்கவுண்ட்டை டெக்னீஷியன் தன்னுடைய மின்னஞ்சலில் திறந்திருக்கிறார். கேட்டால் "எல்லா கஸ்டமருக்கும் அப்படித்தான் சார், எதுனா மாத்தணும்னா கூப்பிடுங்க, வந்து பண்ணித் தரேன்" என்கிறார். வந்தால் ஒவ்வொரு தடவையும் வருகைக் கட்டணம். என் வீட்டு ரிமோட், சாவி அவர் சட்டைப் பையில். செட் பண்ண வருகிறவர் முன்னால் உட்கார்ந்து, உங்கள் மின்னஞ்சலை உங்கள் கையாலேயே போடுங்கள். உயர்விலை ரிமோட்டுகளில் சிலவற்றுக்கு மென்பொருளே டீலர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும், அதை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆப், சர்வர் என்று வெளியே எதையோ நம்பியிருக்கும் ரிமோட்டுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபோனையே யுனிவர்சல் ரிமோட்டாக்கும் லாஜிடெக்கின் ஹார்மனி லிங்க் என்ற கருவி 2018 மார்ச்சோடு செயலிழந்துவிடும் என்று 2017-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்துப்போய்க் கூச்சலிட்ட பிறகுதான் அதற்குப் பதிலாக ஹார்மனி ஹப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு 2021 ஏப்ரலில் ஹார்மனி ரிமோட் தயாரிப்பையே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஆதரவு தொடரும் என்றும் சொன்னார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கதையே இப்படி என்றால், பெயர் தெரியாத ஆப்பை நம்பி வாங்குகிறவர் கதி என்ன?

டிவியும் ஆம்ப்ளிபையரும் மட்டும்தான் என்றால் ரிமோட் வாங்கும் முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். இரண்டிலும் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ஆம்ப்ளிபையருக்கு அனுப்பும் வசதி) இருந்து, மெனுவில் சிஇசி என்பதை (அதே கேபிள் வழியாக ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளை அனுப்பும் வசதி, ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும்) ஆன் செய்தால், டிவி ரிமோட்டிலேயே ஆம்ப்ளிபையரின் வால்யூமும் பவரும் பெரும்பாலும் வந்துவிடும். செலவு ஒரு கேபிள்தான். நான் இப்போது டிவிக்கு அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சிடிக்குப் பழைய ரிமோட்.

ரசீது, டெக்னீஷியனுடன் நடந்த குறுஞ்செய்திகள், நெக்ஸ்ட் பட்டன் இரண்டாவது தடவை வேலை செய்யாததைக் காட்டும் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்கு எழுத்துமூலம் புகார் அனுப்பியிருக்கிறேன். "மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறோம்" என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது, அக்கவுண்ட் இன்னும் என் பெயருக்கு மாறவில்லை.