அப்பாவின் தோட்டத்துப் பாதைக்கு ஒரு ஜிம்னி

சுசுகி ஜிம்னி என்ற சின்ன ஜீப் வகை வண்டியை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தார் ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால் உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம். இந்த வண்டியின் நல்ல குணங்களைச் சிங்கப்பூருக்குள் பார்க்க முடியாது. நான்கு கியர் ஆட்டோ என்பதால் விரைவுச்சாலையில் 90ஐத் தொட்டாலே எஞ்சின் இரைகிறது. பக்கத்தில் லாரி போனால் காற்றுக்கு ஆடுகிறது. பின்சீட்டை நிமிர்த்தி வைத்தால் சாமான் வைக்க மிஞ்சுவது 85 லிட்டர் இடம். 2018இல் யூரோ என்கேப் பாதுகாப்புச் சோதனையில் வாங்கியது ஐந்துக்கு 3 நட்சத்திரம்.

எனக்கு வேலை இருந்தது.

அப்பா பிறந்தது மலேசியாவின் ஜோகூரில், கோத்தா திங்கிப் பக்கம், ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள். பிறகு அந்த ரப்பர் மரங்களை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள், லயங்களை இடித்தார்கள், குடும்பங்கள் கூலாய், ஜோகூர் பாரு, சிங்கப்பூர் என்று சிதறின. மாரியம்மன் கோயில் மட்டும் நின்றது. தகரக் கூரை, ஒரு சூலம், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். அங்கே போகும் பாதை முழுக்கச் செம்மண், நடுவே ஓர் ஓடை. மழை பெய்துவிட்டால் சாதாரணக் கார் பாதி தூரம்கூடப் போகாது. அப்பா நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியை ஓட்டப் பழகியது அந்தக் கோயிலுக்காக.

அவர் தம் ஜிம்னியை எடுத்தது 2008 கடைசியில். அந்த நவம்பரில் சிறிய கார்களுக்கான சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்து வருட உரிமம், ஓர் ஏலத்தில் 2 வெள்ளிக்கு (டாலருக்கு) இறங்கியிருந்தது. பத்து வருடம் ஓட்டினார். நானும் பக்கத்து சீட்டில் இருந்து பார்த்தேன், பிறகு ஓட்டினேன், கல்யாணம், வேலை என்று ஆனதும் விட்டுவிட்டேன். 2018இல் சிஓஇ முடிந்து வண்டி ஸ்கிராப்புக்குப் போனது. அதற்குப் பின் அவருடைய மலாய் நண்பர், நான் பாக்சிக் என்று கூப்பிடுபவர், தம் வண்டியில் அழைத்துப் போவார். 2020 மார்ச்சில் கொரோனாவால் மலேசிய எல்லை மூடியது. அப்பா 2021இல் தவறினார். கடைசி ஒன்றரை வருடம் ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் அவரால் போகவே முடியவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

2022 ஏப்ரலில் எல்லை திறந்தது. அந்த வருடமே, 2019இல் பதிவான இந்த வண்டியைப் பழையதாக வாங்கினேன்.

அப்பாவின் வண்டியில் நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். புது மாடலில் மறுபடி கம்பி லீவரே வந்துவிட்டது. கையில் பிடிமானம் தெரிகிறது, எனக்கு இதுதான் பிடிக்கிறது. 4எச் என்பது நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் ஓடும் நிலை, அதைத் தார் ரோட்டில் போடவே கூடாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு கிடையாது, திருப்பத்தில் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். மண் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குகிறேன். பிறகு 4எல், அதாவது மெதுவாக, அதிக இழுவிசையோடு போகும் நிலை.

குழியில் குறுக்காக இரண்டு சக்கரம் பிடிப்பிழந்தால் பழைய வண்டி அப்படியே நின்று சுழலும். அப்பா ஆக்சிலரேட்டரோடு சேர்த்து பிரேக்கையும் லேசாக மிதிப்பார். சுழலும் சக்கரம் அடங்கும், விசை மற்ற சக்கரத்துக்குப் போகும், வண்டி மெல்ல ஏறும். இப்போது அதே காரியத்தை வண்டியே சக்கரம் சக்கரமாக பிரேக் பிடித்துச் செய்கிறது. முதல் தடவை அந்த டக் டக் சத்தம் கேட்டபோது அப்பாவின் இடது கால்தான் ஞாபகம் வந்தது. "அவசரப்படாதப்பா, வண்டி தானா ஏறும்" என்பார். சுமார் 1,100 கிலோ எடை, 210 மில்லிமீட்டர் தரை உயரம். பெரிய வண்டிகள் புதைகிற இடத்தில் இது மேலோடே போய்விடுவதற்கு அந்த எடைக்குறைவும் ஒரு காரணம்.

ஓடையை மட்டும் எந்தக் கருவியையும் நம்பிக் கடப்பதில்லை. இறங்கி, கம்பு ஊன்றி நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுகிறேன், அப்பா செய்தது போலவே. திரும்பி வந்ததும் டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்க்க வேண்டும். தே தாரிக் எனும் பால் தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பாவின் திதி தீபாவளிக்குப் பிறகு வருகிறது, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரம். அம்மாவையும் கூட்டிப் போகிறேன். இரண்டே கதவு, பின்சீட்டுக்கு ஏற முன்சீட்டை மடக்க வேண்டும், 70 வயதுக்காரருக்கு அது முடியாது. அதனால் அம்மா முன்னால், பின்சீட்டை மடக்கி அங்கே படையல் பாத்திரங்கள், கயிறு, மண்வெட்டி. உயரப் படிக்கு ஒரு சின்ன ஸ்டூல் வைத்திருக்கிறேன். பாக்சிக் தம் வண்டியில் முன்னே போவார், தனி வண்டியாக நாங்கள் உள்ளே போவதே இல்லை. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்பதும் அவர்தான். காட்டு ஒதுக்கிடம் என்றால் அதற்கு வனத்துறை அனுமதி தனி.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மலேசியாவில் நம் சிங்கப்பூர்ப் பதிவு வண்டிக்கு ரான் 95 ரக பெட்ரோல் கிடையாது, 97தான். திரும்பும் வழியில் கோத்தா திங்கியிலேயே வண்டியின் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள், செம்மண் காய்ந்தால் துருவுக்கு வழி.

இந்த வண்டியின் சிஓஇ 2029இல் முடிகிறது. 2023இல் சிறிய கார் சிஓஇயே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது, அப்போது என்ன விலை இருக்குமோ. எப்படியும் புதுப்பிக்கத்தான் போகிறேன். அதற்காக மாதாமாதம் தனியாக எடுத்து வைக்கிறேன், அம்மாவும் தம் பங்குக்கு ஒரு தொகை போடுகிறார்.