கிணறு இல்லாத வீடுகள்: ஒரு படப்புத்தகத்தோடு இரண்டு வருசம்

ஒட்டுசுட்டானில் படிப்பிக்கிற சிநேகிதி போன கிழமை கேட்டாள்: "அந்த வீடுகள் புத்தகம் இப்ப 900 ரூபாய்க்குப் போகுதாம். வாங்கட்டே?" நான் 1450 கொடுத்து வாங்கினது. அந்த எரிச்சலும் இதற்குள் கலந்திருக்கும், முதலே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளுக்கான படப்புத்தகம்தான். உலகத்து வீடுகள், பெரிய படம், கீழே இரண்டு வரி. தரம் 2 சுற்றாடல்சார் செயற்பாடுகளில் வீடு வரும்போது உதவும் என்று வாங்கினேன். தாள் நல்ல தடிப்பு. ஒருத்தியின் தண்ணிப் போத்தல் கவிழ்ந்தும் வர்ணம் கரையவில்லை. மொழிபெயர்ப்பு மட்டும் வாயில் ஒட்டாது. முற்றமும் குசினியும் விறாந்தையும் நான் பென்சிலால் எழுதிச் சேர்த்தவை.

ஆனால் முதுகில் இரண்டே இரண்டு கம்பிப் பின். 31 பிள்ளைகள் புரட்டுகிற புத்தகத்துக்கு இரண்டு பின்! மூன்றாம் மாதம் நடுத்தாள் கையோடு வந்துவிட்டது. அதில்தான் இக்ளு என்கிற பனி வீடு, எல்லாரும் அடிபட்டுப் பார்க்கிற படம். செலோரேப் ஒட்டினேன். வெயிலுக்குப் பசை இளகி, புழுதி பிடித்து, இக்ளுவுக்கு நடுவே செம்மண் ஒழுங்கை ஒன்று ஓடியது. கடைசியில் கிளிநொச்சி ரவுணில் பைண்டிங் செய்கிற ஐயாவிடம் கொடுத்தேன். நூலால் இறுக்கித் தைத்து, "தங்கச்சி, நீங்கள் பென்சன் எடுக்குமட்டும் கிழியாது" என்று தந்தார். கிழியாதுதான். தையல் நடுவில் ஒரு விரலளவு படத்தை விழுங்கிவிட்டது. இக்ளுவின் வாசல் இருந்தது அந்த ஒரு விரலுக்குள்.

அந்தப் பின் விசயத்தையாவது மன்னிக்கலாம். தண்ணீரை விட்டதை எப்படி மன்னிப்பது? ஒரு வீட்டிலும் கிணறில்லை, தொட்டியில்லை, வாளிகூட இல்லை. வேலியும் படலையும் இல்லாதது என் கண்ணில் பட்டது. கிணறில்லாததைக் கண்டுபிடித்தது பிள்ளைகள். முதல் நாள், முதல் பக்கம், பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "ரீச்சர், உவையள் தண்ணிக்கு எங்க போறவை?"

அதோடு தொடங்கியது. இரண்டு வருசம், இரண்டு வகுப்பு, ஒவ்வொரு பக்கத்துக்கும் அதே கேள்வி. புத்தகத்தில் பதில் இல்லாததால் நான் இரவில் இருந்து தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. மொங்கோலியாவின் வட்டக் கூடார வீட்டை ஆட்டு ரோமக் கம்பளத்தால் மூடுவார்கள், மேய்ச்சல் மாறினால் கழற்றி மடித்துத் தண்ணீருள்ள வேறிடத்துக்குக் கொண்டுபோவார்கள் என்றேன். "அப்ப கிணத்தடிக்கு வீடு நடந்து போகுமோ?" என்றாள் ஒருத்தி. இக்ளுவுக்கு இன்னும் கூடப் படித்தேன். வெட்டியடுக்கிய பனிக்குள் காற்று அடைபட்டிருப்பதால் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாது. வடதுருவப் பக்கத்து இனுயிற் மக்கள் வேட்டைக்குப் போகிற இடங்களில் தங்கக் கட்டியது அது. இன்று அவர்கள் பெரும்பாலும் நம்மைப்போல நிரந்தர வீடுகளில்தான். சீல் கொழுப்பு விளக்கில் பனியை உருக்கிக் குடித்தார்கள் என்று சொல்லி முடிக்கவில்லை, முன்வாங்கில் ஒருவன் எழும்பினான்: "அப்ப தண்ணி விடாய்ச்சா வீட்டைக் குடிக்கலாம்!"

அன்றைக்குப் பாடம் அதோடு சரி.

பிறகு அவரவர் வீட்டைக் கீறச் சொன்னேன். எங்கள் பக்கம் பாதி வீடுகள் 2012 இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்தவை. 550,000 ரூபாயைக் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள், மிச்சத்துக்கு நகை அடைவு. எல்லாம் ஒரே சாயல். படங்களும் அப்படியே வந்தன, கிணற்றைத் தவிர. ஒன்றில் கப்பி, ஒன்றில் மோட்டரும் நீளக் குழாயும், ஒன்றில் கன்று விழுந்ததால் பலகை போட்டு மூடிய கிணறு. ஒரு பிள்ளை கிணறே கீறவில்லை. படலையடியில் தண்ணி பிடிக்கிற நீலப் பரல், றோட்டில் வீட்டைவிட மூன்று மடங்கு பெரிய தண்ணி பவுசர், ஓட்டுகிற மாமாவுக்கு மீசை. வர்ணம் தீட்டியது பரலுக்கு மட்டும்.

கூடாரப் பக்கம் ஒன்றும் உண்டு. "விடுமுறையில் தங்கும் வீடு" என்று போட்டிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் தாய்மார் எத்தனையோ பேர் 2009 இல் செட்டிகுளம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் இருந்தவர்கள். நானும்தான். பிள்ளைகளுக்கு அது தெரியாது. அங்கேயும் கிணறு எங்கே என்றுதான் கேட்டார்கள். "பவுசரில வரும்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

ஆகவே வாங்காதையடி. இரண்டு பின்னுக்கும் தண்ணியில்லாத வீட்டுக்கும் 900 ரூபாயும் அநியாயம். என்னுடையதை இரவல் கேட்டும் வராதே, தரமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை தைத்த புத்தகத்தை வகுப்பில் திறந்தேன். வீட்டைக் குடிக்கலாம் என்றவன் இக்ளுவுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய், தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "வாசலைக் குடிச்சிட்டினமோ, ரீச்சர்?"