ஆறு வருட சோலார்: பேனல் உழைத்தது, காகிதம்தான் இழுத்தடித்தது

வீட்டுக் கூரையில் சோலார் போட்டு ஆறு வருடம் ஆகிறது. என் மரப்பட்டறையில் மூன்று வருடம். எத்தனை யூனிட் வருகிறது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அனுமதி எப்படி வாங்கினீர்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் பட்ட பாட்டில் முக்கால்வாசி அங்கேதான்.

பேனலைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வருடத்துக்கு அரை சதவீதம்போல உற்பத்தி குறையும் என்று சொல்லித்தான் விற்றார்கள், ஏறக்குறைய அப்படித்தான் குறைகிறது. தூசியைக் கழுவிவிட்டால் போதும்.

அனுமதி ஒரே இடத்தில் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டு அலுவலகம், இரண்டு விதமான கேள்வி. கட்டட அனுமதி தருபவர்களுக்குக் கூரை எவ்வளவு எடை தாங்கும், பேனல் எவ்வளவு உயரம் எழும்பி நிற்கும், கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கவலை. மின்சார அலுவலகமோ இணைப்பின் லோடு எவ்வளவு, இன்வெர்ட்டர் (பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) என்ன மாடல் என்று கேட்கும். ஒருவர் சரி என்றால் மற்றவரும் சரி என்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

நான் சறுக்கியது இன்வெர்ட்டரில். விண்ணப்பத்தில் எழுதிய மாடல் கையிருப்பில் இல்லை என்று, பொருத்த வந்தவர் அதைவிடப் பெரியதை மாட்டினார். "பெரிசுதானே சார், நல்லதுதான்." ஆய்வுக்கு வந்த அலுவலர் கையிலிருந்த காகிதத்தையும் இன்வெர்ட்டரின் பக்கவாட்டு லேபிளையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். திருத்திய விண்ணப்பம், புது வரைபடம் என்று இரண்டு மாதம் ஓடியது. நடுவில் ஆர்வக்கோளாறில் ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன் (செய்யக்கூடாத வேலை). உள்ளே வருவதையும் மிஞ்சி வெளியே லைனுக்குப் போவதையும் தனித்தனியே எண்ணும் இருவழி மீட்டர் வந்திருக்கவில்லை. பழைய மீட்டரோ வெளியே போன மின்சாரத்தையும் நான் செலவழித்ததாகவே எண்ணிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு படபடவென்று சிமிட்டியதைப் பார்த்துத்தான் அணைத்தேன்.

அப்புறம் கரண்ட் கட். நல்ல உச்சி வெயிலில் கரண்ட் போனால் என் சோலாரும் நின்றுவிடும். முதல் தடவை பழுது என்றே நினைத்தேன். லைனில் வேலை செய்பவர் கை வைக்கும்போது என் கூரையிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நியாயமானதுதான், ஆனால் விற்றவர் இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

பட்டறைக் கதை வேறு. வாடகைக் கட்டடம் என்பதால் உரிமையாளரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்கவில்லை. தகரக் கூரையைப் பார்க்க வந்த பொறியாளர் எடையைவிடக் காற்றைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். பேனலுக்கு அடியில் புகுந்த காற்று கூரையோடு தூக்கிவிடும் என்றார். ஓரத்தில் நடைபாதை விட வேண்டும் என்றும் சொன்னதில் இரண்டு பேனல் குறைந்தது. வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனலிலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் இருக்கும், மெயினை அணைத்தாலும் போகாது. தீயணைப்பு வீரர் ஏறினால் கால் வைக்க இடம் வேண்டும். அன்றைக்கு முணுமுணுத்தேன். போன மழையில் கூரை ஒழுகியபோது, பழுது பார்த்தவர் அந்தப் பாதையில்தான் நடந்து போனார்.

நிரப்பிய படிவங்களில் எதுவுமே நிழலைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முறைப்படி அனுமதி வாங்கி இன்னொரு மாடி கட்டினார், நாலு மணிக்கே என் கடைசி வரிசையில் நிழல். பேனல்கள் தொடராகக் கோத்தவை என்பதால் ஓரிரண்டில் விழுந்த நிழல் மொத்த வரிசையையும் இழுக்கிறது. அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. போடும்போதே பக்கத்து மனையில் இன்னும் எத்தனை மாடிக்கு இடமிருக்கிறது என்று நான் விசாரித்திருக்க வேண்டும்.

சின்ன காற்றாலை வைக்கும் ஆசையும் ஒருகாலத்தில் இருந்தது. உயரம், சத்தம், எல்லையிலிருந்து தூரம் என்று விதிகள் நீண்டன. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்கு என்று தெரிந்ததும் அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

இப்போது பேட்டரி சேர்க்கலாம் என்று இருக்கிறேன். அதற்குத் தனி விண்ணப்பமாம். இந்தத் தடவை மாடல் எண்ணை லேபிளைப் பார்த்தே எழுதப்போகிறேன்.