கப்போர்டின் பக்கவாட்டில் எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டியிருக்கிறதா? மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

புது வீட்டுக்கு மரவேலை கொடுக்கப் போகிறவர்களுக்கும், கொடுத்துவிட்டு வேலை முடியக் காத்திருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. தாம்பரம் பக்கம் எங்கள் ஃபிளாட்டில் படுக்கையறை கப்போர்டுகள் செய்து கொடுத்த காண்ட்ராக்டர், ஸ்க்ரூ போட வேண்டிய இடத்திலெல்லாம் நெயில் கன்னால் ஆணி அடித்து, அந்த ஓட்டைகளை, பலகையின் வெட்டு விளிம்பில் ஒட்ட வேண்டிய மெல்லிய எட்ஜ் பேண்ட் பட்டையால் மூடிவிட்டுப் போய்விட்டார். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்ததால் வீட்டுக்கு வந்தவர்கள் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

கொட்டேஷனில் இருந்தது இதுதான்: 18 மி.மீ. ப்ரீ-லேமினேட்டட் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்து, மேல்பூச்சோடு வரும் பலகை), ஃபேக்டரி ஃபினிஷ், மெஷின் எட்ஜ் பேண்டிங். வந்ததோ, கடையில் அறுத்த பலகைகளும் நெயில் கன்னுக்குக் காற்று கொடுக்கும் ஒரு கம்ப்ரஸரும். எங்கள் ஹாலிலேயே வைத்து டப் டப்பென்று அடித்துப் பெட்டியாக்கினார்கள். மாலையில் போய்ப் பார்த்தால், கப்போர்டின் வெளிப்பக்கத்தில் குறுக்காக, அதே மர நிறத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு மெல்லிய பட்டைகள் ஓடின. “இது எதுக்குங்க?” என்று கேட்டேன். “டிசைன் மேடம். பிளெயினா விட்டா எடுப்பா இருக்காது. இப்ப எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க” என்றார்.

ஐப்பசி மழை பிடித்ததும் சாயம் வெளுத்தது. துடைத்துக்கொண்டிருந்த என் மாமியாரின் துணியில் ஒரு பட்டையின் முனை மாட்டி, சரசரவென்று முழு நீளத்துக்கும் உரிந்து வந்துவிட்டது. அடியில் வரிசையாக ஆணித் துளைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் துருவின் பழுப்பு வளையம். இரண்டு இடத்தில் போர்டு உப்பி, மரத்தூள் வெளியே தெரிந்தது. பசை காயவே இல்லை. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பட்டை இருந்த உயரத்துக்கு நேராக உள்ளே பார்த்தால், அது சரியாக ஒரு ஷெல்ஃப் இருக்கும் இடம். அந்த ஷெல்ஃபுக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே ஒரு ரூபாய் நோட்டு தாராளமாக நுழைகிற இடைவெளி. மற்ற பட்டைகளையும் உரித்தோம். எல்லாவற்றின் கீழும் இதே கதைதான்.

இதை ஏன் ஏமாற்று வேலை என்கிறேன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்திலும் ஆசாரிகள் ஆணி அடித்தார்கள், அது நின்றதே என்று சிலர் சொல்வார்கள். நின்றது உண்மைதான். ஆனால் அது மேல்பூச்சு இல்லாத வெறும் பிளைவுட். அதில் ஃபெவிகால் மரத்துக்குள் ஊறி இறுகிக்கொள்ளும். பசை காயும்வரை பிடித்துக்கொள்வதுதான் ஆணியின் வேலை. அப்புறம் மேலே மைக்கா ஒட்டிவிடுவார்கள். ஆணித் தலையும் மறைந்துவிடும்.

ப்ரீ-லேம் போர்டு அப்படியல்ல. இரண்டு பக்கமும் ஏற்கெனவே வழவழப்பான மெலமைன் பூச்சு இருக்கும். அதன்மேல் சாதாரண வெள்ளைப் பசை ஊறுவதற்கு வழியே இல்லை. ஷெல்ஃபின் முனையில் பசை தடவி வைத்தாலும் அது பேருக்குத்தான். மொத்தப் பாரமும் நெயில் கன் ஆணியின் மேல்தான் விழும். அந்த ஆணியோ ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தடிமன், மரையும் கிடையாது. உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். புடவையும் போர்வையும் அடுக்க அடுக்க ஆணி மெல்ல நழுவும். ஈரக்காற்றில் துருப்பிடித்தால் துளை இன்னும் பெரிதாகும். எங்கள் ஷெல்ஃப் ஒன்று ஒரு பக்கம் இறங்கியே விட்டது. அது குழந்தையின் துணி வைக்கிற அலமாரி. அவள் கையெட்டும் உயரம். நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

இந்த வகைப் போர்டில் மினிஃபிக்ஸும் (இரண்டு பலகைகளை இழுத்து இறுக்கும் உலோக இணைப்பு) மரக் குச்சியும் போட வேண்டும். இல்லையென்றால், முன்கூட்டியே துளை போட்டு 50 மி.மீ. ஸ்க்ரூ முடுக்க வேண்டும். வெளியே தெரியும் ஸ்க்ரூத் தலைக்கு அதே நிறத்தில் வட்ட ஸ்டிக்கர் கிடைக்கிறது. செலவு கொஞ்சம், நேரம்தான் அதிகம். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஆணி, ஆணியை மறைக்கத்தான் பட்டை.

ஒரு நியாயமும் சொல்லியாக வேண்டும். எட்ஜ் பேண்டால் ஆணி ஓட்டையை மறைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பழைய ஷெல்ஃபின் முன்விளிம்பில் அடித்திருந்த மர பீடிங்கைக் கழற்றினால் அங்கே ஓட்டைகள் இருக்கத்தான் செய்யும். மிச்ச ஆணியைப் பிடுங்கி, வுட் ஃபில்லர் அடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டு மட்டமாக்கி, அதன்மேல் எட்ஜ் பேண்ட் ஒட்டினால் அது கண்ணியமான வேலை. பலகையின் வெட்டு விளிம்பை மூடி, ஈரம் உள்ளே போகாமல் காப்பதற்காக வந்த பொருள்தான் அது. 18 மி.மீ. பலகைக்கு 22 மி.மீ. அகலப் பட்டை வாங்கி, ஒட்டியபின் மீதியைச் சீவிவிடுவார்கள். மெஷினில் 180 முதல் 200 டிகிரி சூட்டில் பசையை உருக்கி அழுத்தி ஒட்டுவதால் பிடிப்பு நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் கையால் ரப்பர் பசை தடவி, அதுவும் வழவழப்பான மெலமைன் மேல் ஒட்டியிருக்கிறார்கள். அது எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே, விளிம்பே இல்லாத இடத்தில் எட்ஜ் பேண்ட் இருந்தால் விடாதீர்கள். பக்கப் பலகையின் நடுவில், ஷெல்ஃப் உயரத்துக்கு நேராகப் பட்டை ஓடினால் அடியில் என்ன இருக்கிறது என்று உரித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படிச் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் கொஞ்சம் வலுவான காந்தத்தைப் பட்டையின் மேல் நகர்த்திப் பாருங்கள். அடியில் ஆணியோ ஸ்க்ரூவோ இருந்தால் இடைவெளி விட்டு விட்டு இழுக்கும். ஆணியா ஸ்க்ரூவா என்பதை உள்ளே பார்த்தால் ஓரளவு புரிந்துவிடும். மினிஃபிக்ஸ் போட்டிருந்தால் ஷெல்ஃபின் அடிப்பக்கம், முனைக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக வட்டம் தெரியும். எதுவுமே தெரியவில்லை, ஸ்டிக்கரும் இல்லை என்றால் கேள்வி கேளுங்கள். கப்போர்டைச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டால் பக்கமும் முதுகும் பார்க்கக் கிடைக்காது. அதற்கு முன்னால் ஃபோட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

கொட்டேஷனில் போர்டு கம்பெனி, கனம், மைக்கா நம்பர் எல்லாம் எழுதுகிறார்கள். இணைப்பு எதனால் என்று யாரும் எழுதுவதில்லை. “எல்லா இணைப்பும் மினிஃபிக்ஸ் அல்லது ஸ்க்ரூ, பாரம் தாங்கும் இடத்தில் நெயில் கன் கூடாது” என்ற ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

காண்ட்ராக்டருக்கு ஃபோன் செய்தபோது முதலில், “மழையில எல்லா வீட்டுலயும் அப்படித்தான் மேடம்” என்றார். பிறகு எடுப்பதையே நிறுத்திவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்த பிறகுதான் ஆள் வந்தது. வந்த பையன் கையில் ஒரு பசை டப்பாவும் புதுப் பட்டை ரோலும். பட்டையைத் திரும்ப ஒட்டத்தான் அனுப்பியிருக்கிறார்! “தம்பி, உன் மேல கோபம் இல்ல. ஆனா இது வேண்டாம், நீ கிளம்பு” என்று அனுப்பிவிட்டோம்.

கடைசியில் தெரிந்த ஆசாரி அண்ணன் ஒருவர் வந்து ஷெல்ஃபுகளை இறக்கி, துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கி, பாரம் அதிகமுள்ள தட்டுகளுக்கு அடியில் ரீப்பர் கட்டையால் தாங்கலும் கொடுத்தார். வெளிப்பக்கத்தைத் தேய்த்துவிட்டு முழு நீளத்துக்கும் மைக்கா ஒட்டினார். கூலி, பொருள் எல்லாம் எங்கள் கைக்காசு. அந்தத் தொகையைத் திரும்பக் கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். கொட்டேஷன், பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். உரிந்து வந்த பட்டைகளையும் குப்பையில் போடாதீர்கள். எங்களுடையதைத் துருப்பிடித்த ஆணிகளோடு ஒரு கவரில் போட்டு, எந்த ஷெல்ஃப், எந்தப் பக்கம் என்று எழுதி வைத்திருக்கிறோம்.