ஒட்டோ செக்‌ஷன் கொன்ட்ரோல்: சாமான் நல்லம், பொருத்தின விதம்தான் சரியில்லை

மருந்து அடிச்ச இடத்திலயே திரும்ப அடிபடாமல் தானாப் பூட்டுற சாமான் இது, கொழும்பு பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரு கடையில வாங்கினது, கடையின்ர பேர் வேண்டாம். வவுனியாவில மாமாட சோளக் காணிக்கு, உழவு மெசினுக்குப் பின்னால கொழுவுற 12 மீற்றர் பூம் ஸ்ப்ரேயருக்கு, அதாவது நீளக் கை முழுக்க மருந்து பீச்சுற நொசில் வைச்சதுக்கு. ஜீபீஎஸ் அன்டெனா, ஸ்க்ரீன், அந்தக் கையைத் துண்டு துண்டாத் திறந்து பூட்டுற 4 செக்‌ஷன் வால்வ், தண்ணி ஓட்டத்தை அளக்கிற ஃப்ளோ மீற்றர் எல்லாம் ஒரே செட். 2021 இல கிருமிநாசினி இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு மருந்து விலை ஏறின ஏத்தத்தில ஒரு போத்தல் மிஞ்சினாலும் போதும் எண்டுதான் மாமா ஓமெண்டவர்.

நல்லதை முதல் சொல்லுறன். காணி ஒரு பக்கம் சரிஞ்சு போறதால முந்தி ஒவ்வொரு திருப்பத்திலயும் அடிச்ச இடத்திலயே திரும்ப அடிபடும், மூலையில பயிர் வெளிறிப்போய் நிக்கும். இப்ப அடிச்ச இடம் ஸ்க்ரீன்ல பச்சையா நிறையுது, ஸ்ப்ரேயர் கையின்ர எந்தத் துண்டு அந்தப் பச்சைக்குள்ள போகுதோ அந்த வால்வ் மட்டும் டக்கெண்டு தானாப் பூட்டும். இதில ஒரு குறையும் சொல்லேலாது.

ஆனா பூட்டின செக்‌ஷனைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கிறாங்கள், திறந்திருக்கிற மிச்ச நொசிலுக்கு என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. எங்களுக்கு நீல நொசில், 3 பார் பிறஷர்ல நிமிஷத்துக்கு 1.2 லீற்றர், 50 சென்ரிமீற்றருக்கு ஒண்டு, மெசின் மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில போனா ஹெக்டேயருக்கு 240 லீற்றர் விழும். ரெண்டு செக்‌ஷன் பூட்டுப்பட்ட உடன பம்ப் தள்ளுற தண்ணிக்குப் போக இடமில்லை, கேஜ் முள்ளு 3 இல இருந்து 4 ஐத் தாண்டித் துள்ளுது, 4 பாரிலயே அதே நொசில் கிட்டத்தட்ட 1.39 லீற்றர் விடும், அதாவது 15 வீதம் கூட. கொன்ட்ரோலர் அதைக் கண்டுபிடிச்சு இறக்க 3 செக்கன் எடுத்தா அதுக்குள்ள மெசின் 5 மீற்றர் போயிட்டுது. திரும்பத் திறக்கேக்க மறுவளமா நடக்கும், பிறஷர் விழுந்து மருந்து குறைவா விழும், பேந்து அந்த இடத்திலதான் களை நிமிந்து நிக்கும். ஸ்க்ரீனைப் பாத்தா சராசரி 240 எண்டு ஒண்டும் தெரியாத பிள்ளை மாதிரி நிக்குது.

இன்னொண்டும் இருக்கு. ஃப்ளோ மீற்றர் நிமிஷத்துக்கு 10 லீற்றருக்கு மேலதான் ஒழுங்கா வாசிக்கும் எண்டு அதின்ர தகட்டிலயே அடிச்சிருக்கு. ஒரு செக்‌ஷனில 6 நொசில், 7.2 லீற்றர்தான். அப்ப ஒரு செக்‌ஷன் மட்டும் திறந்திருக்கேக்க மீற்றர் குறைச்சுக் காட்டும், கொன்ட்ரோலர் அதை நம்பி இன்னும் தள்ளும். விக்கேக்க இதைச் சொல்லியிருக்க வேணுமா இல்லையா?

கடையில இருந்து வந்து பொருத்தினவர் 4 செக்‌ஷனையும் திறந்துவிட்டு வெறும் தண்ணியில ஒருக்கா ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிட்டார். கோல் எடுத்தா, அது நோமல் சேர் எண்டினம். நான் வெள்ளவத்தையில இருக்கிறதால நேர போய் நிண்டு கத்தின பிறகுதான் உள்ளுக்க இருந்து ஒரு தம்பி வந்தார், அவர் கெட்டிக்காரன். வீடியோ கோல்லயே மாமாவைப் பிடிச்சு, நொசிலுக்குக் கீழ அளவு ஜக்கை வைக்கச் சொல்லி, பிறஷரைச் சரிக்கட்டுற ரெகுலேட்டர் வால்வின்ர வேகத்தைக் கூட்டி, வால்வ் பூட்ட எடுக்கிற நேரத்தையும் செட் பண்ணித் தந்தார். 6 கிலோமீற்றரில ஒரு செக்கன் பிந்தினாலே ஒண்டரை மீற்றருக்கு மேல பிசகும், அப்ப அது சின்ன விசயமில்லை. இப்ப முள்ளு துள்ளுறது நல்லாக் குறைஞ்சிட்டுது. ஒற்றைச் செக்‌ஷன் பிரச்சினை மட்டும் அப்பிடியே கிடக்கு, அதுக்குச் சின்ன அளவு மீற்றர் ஒண்டு எடுக்க வேணுமாம்.

வாங்கப்போறாக்கள் ரிட்டேர்ன் உள்ள (பூட்டினாப் பிறகு மிச்சத் தண்ணியை டாங்கிக்குத் திருப்பி விடுற) வால்வா இல்லாததா எண்டு கட்டாயம் கேளுங்கோ. ரிட்டேர்ன் உள்ளதெண்டா ஒவ்வொரு வால்விலயும் ஒரு திருகி இருக்கும், செக்‌ஷனைப் பூட்டிப்போட்டு முள்ளு பழைய இடத்துக்கு வருமட்டும் அதைத் திருகினாச் சரி, பிறஷர் அசையாது. ஆனா திரும்பி டாங்கிக்குப் போற தண்ணியையும் மீற்றர் சேத்து எண்ணுதோ எண்டு பாக்க வேணும், எண்ணினா அது வேற தலையிடி.

சாமானுக்கு 5 இல 4, அந்தத் தம்பிக்கு 5, கடைக்கு 2. வொரண்டி கார்ட்டில வால்வ் ரப்பர் சேராதாம், அதையும் பில் போட்ட பிறகுதான் சொன்னவை.