நடு வேலையில் நிற்கும் ஸ்பிண்டில்: என் மர சிஎன்சி மெஷினோடு ஐந்து வருடம்

காரைக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு மரப்பட்டறை வைத்திருக்கிறேன். நிலை, கதவு, அதிலும் பூஜை அறைக் கதவுதான் அதிகம். ஐந்து வருடத்துக்கு முன்னால் எட்டடிக்கு நாலடி மேசை கொண்ட சிஎன்சி ரவுட்டர் ஒன்று வாங்கினேன்; கம்ப்யூட்டர் டிசைனைப் பார்த்து மரத்தைத் தானே செதுக்கும் மெஷின். செதுக்கும் பிட்டைச் சுழற்ற 3 கிலோவாட் வாட்டர் கூல்டு மோட்டார் (அதுதான் ஸ்பிண்டில்), அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்ட ஒரு விஎஃப்டி டிரைவ், மெஷினை இயக்கக் கையில் பிடிக்கிற டிஎஸ்பி ரிமோட். முதல் இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. தேக்கில் கஜலட்சுமி செதுக்க ஆறு மணி நேரம் விடாமல் ஓடும், அசராது.

மூன்றாவது வருடம்தான் தொல்லை ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று சத்தம் மாறி, ஒரு உறுமல் உறுமி, ஸ்பிண்டில் நின்றுவிடும். டிரைவில் ஓவர்கரண்ட், அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் போகிறது என்று காட்டும். ரீசெட் அடித்தால் மறுபடி ஓடும். ஒரே நாளில் மூன்று தடவை வரும், அப்புறம் பத்து நாளைக்கு எட்டிக்கூடப் பார்க்காது. மெக்கானிக் வந்து நிற்கும்போது கண்டிப்பாக வராது.

ஸ்பிண்டில் நின்றால் நிற்கட்டும், அதைத் தாங்கி நகர்த்தும் சட்டமான கேன்ட்ரி நிற்காது. சுற்றாத பிட்டை மரத்துக்குள்ளே இழுத்துக்கொண்டு போகும். அப்படி முறிந்த பால்நோஸ் (உருண்டை முனை) பிட்டுகளைவிட, முக்கால்வாசி முடிந்த ஒரு தேக்குப் பலகையில் லட்சுமியின் முகத்துக்குக் குறுக்கே விழுந்த கீறல்தான் இன்றும் மனதில் நிற்கிறது. அந்தப் பலகையை வாடிக்கையாளர் தன் பழைய வீட்டு உத்தரத்திலிருந்து அறுத்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதற்கு மாற்று மரம் கிடையாது.

முதலில் கரண்டைத்தான் சந்தேகப்பட்டேன். சாயங்காலம் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசர் போட்டேன், பகலிலும் நின்றது. அடுத்து டிரைவ் போய்விட்டது என்றார்கள், புது டிரைவ் வாங்கினேன். நாலாவது நாள் அதே உறுமல். பழைய டிரைவில் எந்தக் கோளாறும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

டிரைவ் மாற்றுகிறவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த ஸ்பிண்டில்கள் 400 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடுபவை. புது டிரைவ் பெரும்பாலும் சாதாரண மோட்டாருக்கான 50 ஹெர்ட்ஸ் செட்டிங்கோடுதான் வரும். முழு வோல்ட்டும் எந்த ஹெர்ட்ஸில் போக வேண்டும் என்று சொல்லும் பேஸ் ஃப்ரீக்வன்சியை 400-க்கு மாற்றாமல் ஸ்டார்ட் கொடுத்தால், 50 ஹெர்ட்ஸிலேயே முழு 220 வோல்ட்டும் மோட்டாருக்குப் போகும். அந்த வேகத்தில் அதற்குத் தேவை சுமார் 27 வோல்ட்தான். மோட்டாரின் செம்புச் சுருள் கருகிவிடும். எனக்கு மாட்டிக் கொடுத்தவர் அப்படியே ஸ்டார்ட் கொடுக்கப் போனார்; ஸ்பிண்டில் உடம்பில் இருந்த பிளேட்டைக் காட்டித் தடுத்தேன். ஆக்சிலரேஷன் நேரத்தையும் பத்து விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். மூன்று விநாடியில் 18,000-க்கு ஏற்றச் சொன்னால் அதற்கே ஓவர்கரண்ட் காட்டி டிரைவ் டிரிப் ஆகலாம், அதாவது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வழி காட்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் நேரம், மரம், பிட், வேகம், டிரைவில் கடைசியாகப் பார்த்த ஆம்பியர், ஸ்பிண்டில் இருக்கும் ஹெட் எந்த இடத்தில் நிற்கிறது என்று ரிமோட்டில் தெரியும் எக்ஸ், ஒய் எண்கள் (எக்ஸ் என்பது இடமிருந்து வலம், மில்லிமீட்டரில்) எல்லாவற்றையும் எழுதச் சொல்லி வேலைக்கு இருக்கும் தம்பியிடம் கொடுத்தேன். ஐந்து வாரத்தில் பதினேழு பதிவு சேர்ந்தது. மரத்துக்கும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆம்பியரும் பாதி லோடுதான். ஒருநாள் அவனே நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்து, "அண்ணே, எக்ஸ் எல்லாம் ஆயிரத்து நூத்தம்பதுக்கு மேலதான் இருக்கு பாருங்க" என்றான். பதினேழும் மேசையின் வலது ஓரத்தில். அடிக்கடி வராததற்குக் காரணமும் அப்போதுதான் புரிந்தது: அகலம் குறைந்த பலகை போடும் நாட்களில் ஹெட் அந்தப் பக்கம் போவதே இல்லை.

இடத்துக்குத் தகுந்து கோளாறு வந்தால், இடத்துக்குத் தகுந்து அசைகிற ஒன்றில்தான் அது இருக்க வேண்டும். அதாவது ஹெட்டோடு சேர்ந்து வளைந்து நகரும் சங்கிலிக் கூடான கேபிள் செயினுக்குள் ஓடும் வயர். மெயினை அணைத்துவிட்டு டிரைவ் லைட் முழுவதும் அணையும்வரை பத்து நிமிடம் காத்திருந்தோம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அவசரப்படக் கூடாது. அப்புறம் ஸ்பிண்டிலுக்குப் போகும் யு, வி, டபிள்யூ என்ற மூன்று ஃபேஸ் வயரையும் டிரைவிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் கத்தும் பீப்பில் வைத்து இரண்டிரண்டாகப் பிடித்தேன். தம்பி ஹெட்டைக் கையால் மெல்ல இடமிருந்து வலம் தள்ளினான். யு–வி கடைசிவரை விடாமல் கத்தியது. வி–டபிள்யூ வலது ஓரத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது விட்டுவிட்டுக் கத்தி, அடங்கிவிட்டது. ஹெட்டை இரண்டு விரல் பின்னால் இழுத்தால் மறுபடி பீப். யு–டபிள்யூவும் அதே இடத்தில் அப்படியே. இரண்டு ஜோடிக்கும் பொதுவான வயர் டபிள்யூ. ஹெட்டை ஓரிடத்தில் நிறுத்தி எத்தனை தடவை அளந்தாலும் இது மாட்டியிருக்காது. இதற்கு முன் மூன்று பேர் அப்படித்தான் அளந்துவிட்டு, "வயர் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் போயிருந்தார்கள்.

கேபிளை வெளியே எடுத்துக் கத்தியால் கீறிப் பார்த்தோம். மேல்தோலில் ஒரு சிராய்ப்பும் இல்லை. உள்ளே டபிள்யூவின் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, முனைகள் கறுத்துப் போயிருந்தன. நேராகப் பிடித்தால் முனையும் முனையும் தொடும், வளைத்தால் விலகும். ஒரு ஃபேஸ் போனதும் மற்ற இரண்டிலும் ஆம்பியர் எகிறும். அந்த உறுமலும் அதனால்தான், டிரைவ் டிரிப் ஆனதும் அதனால்தான். டிரைவ் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது.

மெஷினோடு வந்தது ஓரிடத்தில் அசையாமல் கிடக்க வேண்டிய சாதாரண வயர். அதைச் செயினுக்குள் தண்ணீர் டியூபோடு சேர்த்து டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். செயினின் வளைவும் சின்னது. இப்போது மெல்லிய இழை கொண்ட, ஷீல்டு போட்ட ஃப்ளெக்ஸ் கேபிள் மாட்டியிருக்கிறேன். வளைவு ஆரம் கேபிள் தடிமனைப்போல் பத்து மடங்கு வருகிற மாதிரி செயினையும் பெரிதாக மாற்றினேன். உள்ளே எங்கும் இறுக்கிக் கட்டவில்லை. மாட்டி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்த உறுமல் திரும்பி வரவில்லை.

கூடவே செய்த இன்னொரு வேலையை முதல் நாளே செய்திருந்தால் லட்சுமி தப்பித்திருப்பாள். டிரைவில் ஃபால்ட் ரிலே என்று, கோளாறு வந்தால் தானே மாறும் ஸ்விட்ச் ஒன்று உண்டு. அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து ரிமோட்டின் எமர்ஜென்சி ஸ்டாப்புக்குக் கொடுத்தால், டிரைவ் டிரிப் ஆகும்போதே கேன்ட்ரியும் நின்றுவிடும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை, அரை மணி நேர வேலை. மெஷின் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் இதைக் கேட்காமல் விடுவதில்லை. பாதிப் பேர் பட்டறையில் இந்த இணைப்பு இல்லை.

நடுவில் வேறொரு கோளாறும் வந்தது. இந்தத் தடவை முதல் நாளிலிருந்தே நோட்டில் எழுதினோம். எக்ஸ் எண்கள் சிதறிக் கிடந்தன, நேரம் மட்டும் ஒன்றுபோல இருந்தது: ஸ்டார்ட் செய்து நாற்பது, ஐம்பது நிமிடத்துக்குள். அப்படியென்றால் சூடு. ஸ்பிண்டிலைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை. தண்ணீர் தொட்டியில் பாசி பிடித்து, டியூப் முனையில் பச்சையாக அடைத்திருந்தது. டிஸ்டில்ட் வாட்டரும் ரேடியேட்டர் கூலன்ட்டும் கலந்து ஊற்றி, தொட்டிக்கு வெயில் படாமல் மூடி போட்டதோடு சரியாகிவிட்டது. திரும்பி வரும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி டியூப் முனையைத் தொட்டிக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறேன். காலையில் ஆன் செய்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

டிரைவின் ஃபேனில் அடைக்கும் எம்டிஎஃப் (அழுத்திய மரநார் பலகை) தூசியைச் சனிக்கிழமை தோறும் ஊதிவிடுகிறோம். ஸ்பிண்டில் பின்பக்கம் இருக்கும் நாலு பின் கனெக்டரைத் திருகி இறுக்குவதும் அன்றைக்கே, அதிர்வில் அது தானாகக் கழன்று வரும்.

இப்போது 18,000 சுற்றில் லேசாக ஒரு விசில் சத்தம் கேட்கிறது. 12,000-இல் இல்லை. பேரிங் என்றுதான் நினைக்கிறேன். காலையில் 6,000 சுற்றில் ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டால் அன்று முழுவதும் சத்தம் குறைவாக இருக்கிறது. தம்பி தேதி போட்டு எழுதி வருகிறான். கையில் இருக்கும் இரண்டு கதவு முடிந்ததும் ஸ்பிண்டிலைக் கழற்றப் போகிறோம்.