4 வருஷமா ஓடுற தெர்மோஸ்டாட்டும் 5 மாசம் சாப்பிடாத என் பால் பைத்தானும்

போன வாரம் ஒட்டாவாலேர்ந்து ஃப்ரெண்டு ஒருத்தன் கூப்பிட்டான். அவனோட பால் பைத்தான் (வீட்டுல வளக்கற ஒரு வகை மலைப்பாம்பு) 6 வாரமா எலிய தொடவே இல்லையாம், "நீ வெச்சிருக்க தெர்மோஸ்டாட்டையே வாங்கிரட்டுமாடா, இப்ப விலை வேற குறைஞ்சிருக்கு"ன்னு கேட்டான். அவன்கிட்ட சொன்னதத்தான் இங்க எழுதுறேன், பாம்பு டேங்க்கோட சூட்ட வெச்ச அளவுலேயே நிறுத்தி வெக்கற அந்த மெஷின் மேல எனக்கு உள்ள கோவம் இன்னும் போகல.

முதல்ல நல்லத சொல்லிடுறேன். 4 வருஷமா ராத்திரி பகலா ஓடுது, ஒரு தடவ கூட நின்னது இல்ல, கரன்ட் போயிட்டு வந்தா வெச்ச செட்டிங் அப்படியே இருக்கு, சத்தம் கிடையாது. நான் வாங்குன விலைக்கு அந்த கன்ட்ரோலர்ல ஒரு குறையும் சொல்ல முடியாது. பிரச்சனை எல்லாம் அதோட நுனியில இருக்கற புரோப்ல (சூட்ட அளக்கற கம்பி), அத கண்ணாடியில ஒட்ட குடுத்திருக்கற அந்த ரப்பர் சக்‌ஷன் கப்புல.

என் பையன் பேரு கருப்பட்டி. முட்டையிலேர்ந்து வந்து ரெண்டே மாசத்துல என்கிட்ட வந்தான், மொத ரெண்டு குளிர்காலமும் ஒரு வேளை விடாம சாப்பிட்டான். மூணாவது வருஷம் அக்டோபர் கடைசியில எலிய மோந்து பாத்துட்டு தலைய திருப்பிக்கிட்டான். சரி ஆண் பாம்பு, வயசுக்கு வந்துட்டான், குளிர்காலத்துல இணை தேடுற சீசன்ல மாசக்கணக்கா சாப்பிடாம இருக்கறது இந்த இனத்துக்கு சகஜம்னு நானும் கவலைப்படல. நவம்பர் போச்சு, டிசம்பர் போச்சு. எலிய சுண்டெலியா மாத்தி பாத்தேன், வெந்நீர்ல இன்னும் நல்லா சூடு பண்ணி பாத்தேன், ஹேர் டிரையர் வெச்சு எலி தலைய மட்டும் சூடாக்கி பாத்தேன் (மேல் உதட்டுல இருக்கற சின்ன சின்ன குழியாலதான் இதுங்க சூட்ட உணருது, அதனால எலி ஆறிப்போயிருந்தா சில சமயம் அத இரையாவே கண்டுக்காது), ராத்திரி ஹைடு (அவன் ஒளிஞ்சுக்கற கூடு) வாசல்ல வெச்சுட்டு லைட்ட அணைச்சுட்டு படுத்துட்டேன். காலையில எலி அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு எலியையும் குப்பையில போடும்போது வயிறு எரியும்.

உயிரோட எலிய விட்டு பாருன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. நான் விடல. பசியில்லாத பாம்போட எலிய தனியா விட்டா எலி பாம்ப கடிச்சு குதறிடலாம்.

பிப்ரவரியில எடை போட்டேன், 1,180 கிராம் இருந்தவன் 1,075. 10 சதவீதத்த நெருங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. மறுநாள் ஊர்வன பாக்கற டாக்டர்கிட்ட தூக்கிட்டு போனேன். வாய் சுத்தம், மூச்சுல இரைப்பு இல்ல, மலத்துல புழு இல்ல. எல்லாம் பாத்துட்டு அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "சூடு பக்கம் எவ்வளவு இருக்கு?" டேங்க்ல ஒரு பக்கம் சூடாவும் ஒரு பக்கம் குளிராவும் வெப்போம். நான் யோசிக்காம 32 டிகிரி செல்சியஸ்னு சொன்னேன், டிஸ்ப்ளேல அதான் எப்பவும் இருக்கும். "அது புரோப்போட சூடு. அவன் படுக்கற இடத்துல ஐஆர் கன் (தொடாமலே சூட்ட அளக்கற கருவி) வெச்சு பாத்தீங்களா?"ன்னாங்க.

பாக்கல. மூணு வருஷத்துல ஒரு தடவ கூட பாக்கல.

போற வழியிலேயே 25 டாலருக்கு ஒரு ஐஆர் கன் வாங்கிட்டு வந்து சூடு பக்க ஹைட தூக்கி தரையில பரப்பியிருக்கற தேங்காமட்டை துண்ட ஒதுக்கி கண்ணாடி மேல அடிச்சேன். 43. டிஸ்ப்ளேல அப்பவும் 32. சக்‌ஷன் கப் எப்பவோ கழண்டிருக்கு, டேங்க் உள்ள ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கணும், அந்த ஈரத்துல ரப்பர் எத்தன நாள் ஒட்டி நிக்கும்? அவன் முண்டி முண்டி புரோப்ப மட்டைத்துண்டு மேல தள்ளிட்டான், மேல இருக்கற புரோப் 32 ஆகறதுக்கு டேங்க் அடியில இருக்கற ஹீட் மேட் (சூடேத்தற தகடு) கண்ணாடிய 43 வரைக்கும் சுட வெச்சிருக்கு. மெஷின் சொன்ன வேலைய சரியா செஞ்சிருக்கு, அளந்த இடம்தான் தப்பு. மாசக்கணக்கா அவன் குளிர் பக்க ஹைடுலயே முடங்கி கிடந்தான், அவனுக்கு அதான் புடிச்சிருக்குன்னு நான் நெனச்சுட்டேன். எங்க வீட்டுல ஜனவரி ராத்திரியில அந்த மூலை 21. அந்த குளிர்ல சாப்பிட்டா செரிக்காது, அது அவன் உடம்புக்கு தெரியும். நல்லவேளை வயித்துல சூட்டுக் காயம் எதுவும் இல்ல, எத்தனையோ பாம்புங்க ஒதுங்க தெரியாம அப்படியே வெந்து போயிருக்கு.

அன்னைக்கே புரோப்ப வெளிய எடுத்து ஹீட் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வெச்சு அலுமினியம் டேப் போட்டு ஒட்டிட்டேன். வெளியன்னா வெளியதான், டேங்க் உள்ள எந்த டேப்பும் ஒட்டாதீங்க, பாம்பு அதுல மாட்டுனா தோலோட பிஞ்சு வரும். தெர்மோஸ்டாட்ட 34ல வெச்சா உள்ள அவன் படுக்கற இடத்துல 32 வருது, அத ஐஆர் கன் வெச்சு பாத்து பாத்து செட் பண்ணேன். குளிர் பக்கம் 25க்கு கீழ போகாம இருக்க மேல ஒரு செராமிக் ஹீட்டர் போட்டேன், அதுக்கு தனி தெர்மோஸ்டாட், வேற கம்பெனி. ஹீட்டர் போட்டா காத்து காய்ஞ்சுடும், அதனால மூடிய முக்கால்வாசி மறைச்சு ஒரு டப்பாவுல ஈரப்பாசி வெச்சேன். டேங்க்கோட மூணு பக்கமும் கருப்பு சார்ட் ஒட்டுனேன். அப்புறம் கைய வெக்கல, தூக்கல, ரெண்டு வாரம் எலியும் காட்டல.

மூணாம் நாளே சூடு பக்கத்துக்கு வந்துட்டான். மார்ச் ஆரம்பத்துல கண்ணு நீலமாகி சட்டை உரிச்சான், வால் நுனி வரைக்கும் ஒரே துண்டா. ஆனா எலி வேணாம்னுட்டான். மார்ச் கடைசி சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு சமையல் ரூம் லைட்ட மட்டும் போட்டுட்டு இடுக்கியில எலிய புடிச்சு நீட்டுனேன். தலை மெதுவா வெளிய வந்துச்சு, நாக்கு ஒண்ணு ரெண்டு தடவ, கழுத்து வளைஞ்சு பின்னால போச்சு, எனக்கு கை நடுங்குது, அடுத்த நொடி எலி அவன்கிட்ட இருந்துச்சு. மூணு சுத்து. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன், இருட்டுல 20 நிமிஷம், அவன் தலைப்பக்கமா தேடி புடிச்சு முழுங்கி முடிக்கற வரைக்கும். அம்மாவுக்கு ஊர்ல அப்ப காலை, போன் போட்டு "சாப்ட்டான்மா"ன்னேன், பாம்புன்னாலே கண்ண மூடிக்கிற அம்மா "அப்பாடா"ன்னாங்க.

நியாயமா சொல்லணும்னா சரி பண்ணதுக்கு அப்புறமும் 5 வாரம் அவன் சாப்பிடல, சீசன் முடிஞ்சதும்தான் சாப்ட்டான், அதனால 5 மாசப் பட்டினி முழுசையும் தெர்மோஸ்டாட் தலையில போட முடியாது. கன்ட்ரோலர் இன்னிக்கும் அருமையா ஓடுது. இருந்தாலும் வாங்காத. உயிரோட ஒண்ணு படுக்கற இடத்த அளக்கற கம்பிய ஒரு சக்‌ஷன் கப்ப நம்பி தொங்க விடுறாங்க, கூட வர்ற பேப்பர்ல அத பத்தி ஒரு வரி எச்சரிக்கை கிடையாது, அத என்னால மன்னிக்க முடியல. அதே காசுல ஐஆர் கன்னும் ஒரு தராசும் வாங்கு. இப்ப உன்கிட்ட இருக்கற தெர்மோஸ்டாட்டே போதும், ஆனா இன்னிக்கு ராத்திரியே ஹைட தூக்கி புரோப் எங்க கிடக்குன்னு பாரு, பாத்துட்டு எனக்கு நம்பர சொல்லு.